வாய் இரண்டு, வழி ஒன்று

ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து ரேஸ் கோர்ஸ் சாலை வழியாக நடந்தால், நிறுத்துமிடங்களில் மோட்டார்சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். பெரும்பாலும் சின்ன வண்டிகள்தான். நடுநடுவே ஒரு பெரிய ஸ்போர்ட் பைக் தலைகாட்டும். அதன் பின்பக்கம் போய் நின்று பாருங்கள். சிலவற்றில் வலப்பக்கம் ஒரே ஒரு சைலன்சர், சிலவற்றில் இடமும் வலமுமாக இரண்டு. பைக் பிரியர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு இந்த எண்ணிக்கையில் வந்து நிற்கும். "ரெண்டு பைப் போட்டா இழுவை கூடுமா?"

நியாயமான கேள்வி. சிங்கப்பூரில் இதைக் கேட்கும் இடத்துக்கு வந்து சேரவே ஆண்டுகள் ஆகும். 200 சிசி வரை ஓட்ட 2பி உரிமம். குறைந்தது ஓராண்டு கழித்து 400 சிசி வரை 2ஏ. இன்னோர் ஆண்டு போனபின் அதற்கு மேற்பட்டவற்றுக்கு வகுப்பு 2. வண்டி விலை போக, பத்தாண்டுக்கான வாகன உரிமைச் சான்றிதழுக்கும் பணம் கட்ட வேண்டும். இத்தனையும் தாண்டி ஒருவர் தன் கனவு வண்டியை வீட்டுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தியதும் முதலில் மாற்றத் துடிப்பது சைலன்சரைத்தான். அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடைக்காரர் விலைப்பட்டியலை நீட்டுவதற்கு முன்னால், புகை இன்ஜினை விட்டு எப்படி வெளியே போகிறது என்று நாம் சேர்ந்து பார்த்துவிடுவோம். தே தாரிக் சொல்லியாகிவிட்டதா? கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

ஒரு சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகின்றன, நசுக்கப்படுகின்றன, எரிந்து பிஸ்டனைத் தள்ளுகின்றன, எரிந்து முடிந்த வாயு வெளியேறுகிறது. இந்த நான்கும் முடிய கிராங்க், அதாவது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் அச்சு, இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். ஆக, இரண்டு சுற்றுக்கு ஒரு முறை புகை. இன்ஜின் நிமிடத்துக்கு 9,000 சுற்றுச் சுற்றுகிறது என்றால் ஒரு சிலிண்டரிலிருந்து வினாடிக்கு 75 முறை புகை வரும். நான்கு சிலிண்டர் வண்டியில் 300 முறை. நம் காதுக்கு அது ஒரே நீண்ட உறுமலாகக் கேட்கிறது. உண்மையில் புகை தொடர்ந்து ஒழுகுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, அடி அடியாக வருகிறது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும்.

வால்வு திறந்ததும் சூடான வாயு குழாய்க்குள் பாய்கிறது. அதை முந்திக்கொண்டு ஓர் அழுத்த அலை ஓடுகிறது. வாயு நகர்வது வேறு, அலை ஓடுவது வேறு. அலை ஒலியின் வேகத்தில் போகும்; அந்தச் சூட்டில் அது வினாடிக்கு 500 மீட்டருக்கும் மேல். குழாய் சட்டென்று அகலமாகும் இடத்திலோ, மற்றக் குழாய்களோடு சேரும் இடத்திலோ, அந்த அலையில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. திரும்பும்போது அதன் குணம் மாறிவிடும். போனது தள்ளும் அலை, வருவது உறிஞ்சும் அலை. புகை போகும் வால்வு மூடப்போகிறது, காற்று வரும் வால்வு அப்போதுதான் திறக்கிறது, இரண்டும் சற்றே திறந்திருக்கும் ஒரு சிறு கணம் உண்டு. உறிஞ்சும் அலை சரியாக அந்தக் கணத்தில் வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை வெளியே இழுத்துவிடும். புதுக் காற்று உள்ளே வரவும் கைகொடுக்கும். பெட்ரோல் செலவில்லாமல் கிடைக்கும் உதவி இது.

சரியாக அந்தக் கணத்தில் என்று சொன்னேன், அங்கேதான் சிக்கல். அலை திரும்பும் இடம் வால்விலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போய்வர 1.4 மீட்டர். ஒரு வினாடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஏறக்குறைய இரண்டரைப் பங்கு நேரம் ஆகும். 9,000 சுழற்சி வேகத்தில் அதற்குள் கிராங்க் மூன்றில் ஒரு சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். 4,500-இல் அதில் பாதிதான் சுற்றியிருக்கும். எனவே ஒரு வேகத்தில் தோள்கொடுக்கும் அதே குழாய் இன்னொரு வேகத்தில் காலை வாரிவிடும். இதைச் சமாளிக்கத்தான் யமஹா 1980களின் பிற்பாதியில் எக்ஸ்அப் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. குழாய்கள் சேரும் இடத்தில் சுழலும் ஒரு தடுப்பு, குறைந்த வேகத்தில் வழியைச் சுருக்கி, வேகம் ஏற ஏறத் திறந்துவிடும்.

காப்பிக் கடைப் பேச்சில் இதற்கு வேறொரு விளக்கம் உலவுகிறது: இன்ஜினுக்கு "பேக் பிரஷர்" வேண்டும் என்பது. புகை வெளியேறுவதற்குத் தடை இருந்தால் நல்லது என்று எந்த இன்ஜினும் கேட்டதில்லை. யாரோ மிக அகலமான குழாயைப் போட்டார்கள், அதில் வாயுவின் ஓட்டம் தளர்ந்தது, அலை திரும்பும் நேரம் குளறியது, குறைந்த வேகத்தில் இழுவை போயிற்று. தடை போனதால்தான் இழுவை போயிற்று என்று அவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். போனது தடை அல்ல, நேரக்கணக்கு.

இப்போது நம் கேள்விக்கு அருகில் வந்துவிட்டோம். இந்த அலை விளையாட்டில் பெரும்பங்கு நடப்பது ஹெடர் என்று சொல்லப்படும் பகுதியில். இன்ஜினின் முகப்பிலிருந்து வளைந்து இறங்கி வண்டியின் அடிவயிற்றுக்குப் போகும் குழாய்கள் அவை. நான்கு சிலிண்டர் ஸ்போர்ட் பைக்குகளில் பொதுவாக நான்கு குழாய் இரண்டாகச் சேரும், இரண்டு ஒன்றாகும். அதை ஒட்டிப் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கும். அதற்கும் பிறகுதான் சைலன்சர். சுசுகி ஹயபுசாவில் அந்த ஒற்றைக் குழாய் கடைசியில் மறுபடி இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போகிறது. நான்கு, இரண்டு, ஒன்று, பிறகு இரண்டு.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான். பின்னால் வாய் இரண்டு இருப்பதைக் கண்ணால் பார்க்கிறோம்; ஆகவே இரண்டு மடங்கு புகை போகும், இரண்டு மடங்கு மூச்சு, கூடுதல் வேகம் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சையது ஆல்வி சாலையில் முஸ்தபா சென்டருக்குள் போயிருப்பீர்கள். இரண்டு பக்கமும் கூரைவரை சாமான், நடுவே ஒருவர் தள்ளுவண்டியோடு போகும் அளவுக்குச் சந்து. அந்தச் சந்தைத் தாண்டி வெளிவாசலுக்கு வந்தால் அங்கே ஒரு கதவுக்குப் பதில் இரண்டு கதவு. கூட்டம் இதனால் சீக்கிரம் கலைந்துவிடுமா? சந்துக்குள் எந்த வேகத்தில் நகர்ந்தோமோ அந்த வேகத்தில்தான் வாசலுக்கு வருவோம். வந்தபின் பாதிப்பேர் இடக்கதவு, பாதிப்பேர் வலக்கதவு. கதவில் நெரிசல் இருந்திருந்தால்தான் இரண்டாவது கதவுக்கு வேலை. நன்றாகச் செய்த ஒற்றைச் சைலன்சரில் அந்த நெரிசல் அநேகமாக இருப்பதில்லை.

நம்பவில்லை என்றால் கணக்காகவே பார்ப்போம். 1,000 சிசி இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு லிட்டர் காற்றை இழுக்கும். 12,000 சுழற்சியில் வினாடிக்கு 100 லிட்டர். சூட்டில் அது மும்மடங்காக விரிகிறது என்று வைத்தால் 300 லிட்டர். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒற்றைக் குழாய் இதை வினாடிக்குச் சுமார் நூறு மீட்டர் வேகத்தில் வெளியேற்றிவிடும். ஒலியின் வேகத்துக்கு இது எவ்வளவோ கீழே. இதுவும் த்ராட்டிலை முழுக்கத் திருகி உச்சத்தில் ஓட்டும்போது. சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் உச்ச வேகவரம்பு 90 கிலோமீட்டர். சமதரையில் அந்த வேகத்தைத் தாங்கிப்பிடிக்க ஒரு பெரிய ஸ்போர்ட் பைக்குக்கு ஏறக்குறைய பத்துக் குதிரைத்திறன் போதும். மத்திய விரைவுச்சாலையில் போய்க்கொண்டிருக்கும் அந்த வண்டியின் ஒற்றைக் குழாயே முக்கால்வாசி வேலையில்லாமல் இருக்கிறது. அதற்குத் துணையாக இன்னொன்று!

வாய்களின் எண்ணிக்கைக்கும் வலுவுக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு ஃபேரர் பார்க்கிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. குதிரைப் பந்தயத் திடல் 1933-இல் புக்கிட் தீமாவுக்குப் போகும்வரை இங்கேதான் இருந்தது; சாலைக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். 1911 மார்ச் 16 அன்று ஜோசப் கிறிஸ்டியான்ஸ் என்ற பெல்ஜிய விமானி அந்தத் திடலிலிருந்து பிரிஸ்டல் பாக்ஸ்கைட் விமானத்தில் ஏறிப் பறந்தார். சிங்கப்பூர் கண்ட முதல் விமானம் அது. அந்த வகை விமானத்தில் வழக்கமாகப் பொருத்தப்பட்டது நோம் இன்ஜின்: ஏழு சிலிண்டர், குழாயும் கிடையாது சைலன்சரும் கிடையாது, ஒவ்வொரு சிலிண்டரும் நேராக வெளிக்காற்றில் புகைவிடும். வாய் ஏழு. கொள்ளளவு சுமார் எட்டு லிட்டர். கிடைத்தது 50 குதிரைத்திறன். இன்று 2ஏ உரிமத்தில் ஓட்டும் சில 400 சிசி வண்டிகளே, ஒற்றைச் சைலன்சரோடு, அதற்குப் பக்கத்தில் வந்துவிடுகின்றன.

அப்படியானால் கம்பெனிகள் ஏன் இரண்டு வைத்தன? அழகு ஒரு காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. 1994-இல் வந்த டுகாட்டி 916-இல் மாசிமோ தம்புரினி இரண்டு சைலன்சர்களை இருக்கைக்கு அடியில் ஒளித்து வைத்தார். அந்தப் பின்னழகில் உலகம் மயங்கியது. யமஹா ஆர்1 2004-இல் அதே வழியில் போனது. சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்1000 2007-இல் இருபக்கச் சைலன்சருக்கு மாறியது. பிறகு எல்லாரும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். 2012-இல் அந்த சுசுகி ஒற்றைக்கு இறங்கியபோது வண்டியின் எடை 205 கிலோவிலிருந்து 203 ஆனது. 2015-இல் ஆர்1-ம் ஒற்றை. சேற்றுப் பந்தயத்துக்கான ஹோண்டா சிஆர்எஃப்450ஆர் இன்னும் வேடிக்கை: ஒரே ஒரு சிலிண்டர், ஆனால் சில ஆண்டுகள் இரண்டு சைலன்சரோடு ஓடியது, 2021-இல் அதையும் ஒன்றாக்கிவிட்டார்கள். பந்தயத்தில் கிராம் கணக்குப் பார்ப்பவர்கள் கழற்றி வைத்த பொருளை நாம் பணம் கொடுத்து மாட்டிக்கொள்ளப் பார்க்கிறோம்.

இன்னொரு காரணம்தான் சுவையானது. இரண்டு சைலன்சர் வைத்தது சத்தத்தைக் குறைக்க. வெளிச்சந்தையில் கிடைக்கும் சைலன்சர் பெரும்பாலும் எளிமையானது: நடுவில் துளைபோட்ட குழாய், சுற்றிலும் கண்ணாடி இழையோ பாறை இழையோ திணித்திருக்கும், சத்தம் அந்த இழைக்குள் போய் அடங்கும். கம்பெனிச் சைலன்சரில் அறை அறையாகத் தடுத்து, அலைகளை ஒன்றோடொன்று மோதவிட்டு அடக்குவார்கள். எந்த வகையானாலும் உள்ளே இடம் அதிகமிருந்தால், புகைக்குத் தடை போடாமலே சத்தத்தைக் குறைக்கலாம். ஹயபுசாவின் 1,340 சிசி இன்ஜினுக்கு வேண்டிய அவ்வளவு இடத்தையும் ஒரே சைலன்சரில் அடைத்தால் அது ஒருபக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும்; எனவே இரண்டாகப் பிரித்தார்கள். 2004-இல் தூம் படம் பார்த்து ஹயபுசா பைத்தியம் பிடித்த ஒரு தலைமுறை, அந்த இரண்டு குழாயைச் சத்தத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டது. அவை வண்டியின் வாயை மூட வந்தவை.

சத்தத்துக்கும் கணக்கு உண்டு. ஒரே அளவு சத்தமுள்ள இரண்டு மூலங்களைப் பக்கத்தில் வைத்தால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டும் என்றால் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். சத்தத்தின் குணமோ, கனமா கீச்சா என்பதோ, குழாயின் எண்ணிக்கையில் இல்லை. சிலிண்டர்கள் எந்த இடைவெளியில் எரிகின்றன என்பதில் இருக்கிறது. சாதாரண நான்கு சிலிண்டர் வண்டி சீரான இடைவெளியில் எரிவதால் வேகம் ஏறினால் கீச்சென்று கத்தும். 2009-இலிருந்து வரும் ஆர்1-இல் கிராங்க் வேறு மாதிரி. 270, 180, 90, 180 பாகை என்று ஏறுக்குமாறாக எரியும். அதனால் அதே நான்கு சிலிண்டர் கரகரத்த குரலில் பேசுகிறது. கீச்சிடும் வண்டிக்கு இரண்டு குழாய் மாட்டினால் இரண்டு பக்கமும் கீச்சிடும்.

இரண்டு குழாய்க்கு உண்மையாகவே அர்த்தம் இருக்கும் வண்டிகளும் உண்டு. சென்னையை அடுத்த ஒரகடம், வல்லம் வடகல் பக்கத்து ராயல் என்ஃபீல்டு ஆலைகளில் உருவாகும் கான்டினென்டல் ஜிடி 650-ஐயும் இன்டர்செப்டர் 650-ஐயும் பாருங்கள். 2018-இல் வந்தவை, சிங்கப்பூரிலும் ஓடுகின்றன. 648 சிசி, இரண்டு சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தன் குழாய், தன் சைலன்சர். நடுவில் இரண்டையும் தொடுக்க ஒரு சிறு குழாய் மட்டும். ஹயபுசாவில் ஒன்றாகி இரண்டாகப் பிரிகிறது. இங்கே ஒன்றாவதே இல்லை. இதை ஒற்றைச் சைலன்சருக்கு மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். வண்டி சில கிலோ இளைக்கும். இரண்டு சிலிண்டரின் அடியும் ஒரே வாய் வழியாக வருவதால் 270 பாகை கிராங்கின் அந்த ஏறுக்குமாறான தாளம் துலக்கமாகக் கேட்கும். ஆனால் பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் சாயலுக்காகவே அதை வாங்கியவர், ஒரு பக்கச் சைலன்சரைக் கழற்றிவிட்டு நிற்கும் வண்டியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதையும் பார்க்கலாம். என்னைக் கேட்டால் அந்த வண்டியில் இரண்டையும் விட்டுவைப்பேன். காரணம் கண்ணுக்கு அழகு, வேறொன்றுமில்லை.

இனி வாங்கும் வேலை. உங்கள் வண்டி ஒற்றைச் சைலன்சரோடு வந்திருந்தால் இரண்டாக்கும் யோசனையை இங்கேயே விட்டுவிடலாம். எடை கூடும், செலவு இரட்டிக்கும், திரும்பக் கிடைப்பது ஒன்றுமில்லை. இரண்டோடு வந்திருந்தால் இரண்டு வழி. கடைசிச் சைலன்சரை மட்டும் மாற்றுவது ஸ்லிப்-ஆன். அதில் ஜோடியாகத்தான் வாங்கியாக வேண்டும். முகப்பிலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் மாற்றுவது ஃபுல் சிஸ்டம், அதில் ஒற்றையாக்கிவிடலாம். எடை கணிசமாக இறங்குவது இதில்தான். டைட்டேனியம் என்றால், ஒரே அளவுள்ள எஃகைவிட அது நாற்பது சதவீதத்துக்கு மேல் லேசு. ஸ்லிப்-ஆனில் வலு ஒன்றிரண்டு குதிரைத்திறன் கூடினால் அதிகம். வண்டியைத் திருப்பும்போது தெரிவது எடைதான். ஹெடரையே மாற்றினால் அலையின் நேரக்கணக்கே மாறும் என்று பார்த்தோம். அதற்கேற்பப் பெட்ரோல் அளவைக் கணினியில் திருத்தாவிட்டால் போட்ட பணம் பாதி வீண்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. நீண்ட விடுமுறைக்கு மலேசியாவைக் கடந்து ஹாட்யாய்வரை போகும் பழக்கமிருந்தால், பக்கப்பெட்டி மாட்ட இடம் வேண்டும். உயரத் தூக்கிய இரட்டைச் சைலன்சர் அதற்கு விடாது. இருக்கைக்கு அடியில் குழாய் இருந்தால் சிராங்கூன் சாலைச் சிக்னல்களில் தொடை வேகும். ஒரு பக்கம் மட்டும் சைலன்சர் இருந்தால் வண்டி சாயும் என்று பயப்பட வேண்டாம். முதுகில் ஒரு பையைச் சரித்து மாட்டினால் அதைவிட அதிகம் சாயும்.

சிங்கப்பூரில் இத்தனைக்கும் மேலே நிற்பது காகிதம். மாற்றும் சைலன்சர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும்; அந்த ஒப்புதல் உங்கள் வண்டியின் மாடலுக்கானதாகவும் இருக்க வேண்டும். ஒரு மாடலுக்கு ஒப்புதல் பெற்றது இன்னொரு மாடலில் கச்சிதமாகப் பொருந்தினாலும் செல்லாது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றி எறியும் ஃபுல் சிஸ்டத்துக்கு இங்கே சாலையில் இடமில்லை. சட்டவிரோத மாற்றத்துக்கு முதல் முறையே அபராதமோ சிறையோ விதிக்க இடமுண்டு. ஜோகூர் பாருவில் மலிவாக மாட்டிக்கொண்டு வந்தேன் என்பது பதிலாகாது. வண்டி எங்கே பதிவானதோ அந்த ஊர்ச் சட்டம். ஆகவே கடையில் முதல் கேள்வி ஒன்றா இரண்டா என்பதாக இருக்க வேண்டாம். "என் மாடலுக்கு அப்ரூவல் உள்ளது எது?" என்று கேளுங்கள். பெரும்பாலான வண்டிகளுக்குப் பட்டியல் அங்கேயே நாலைந்தாகச் சுருங்கிவிடும். ஒன்றா இரண்டா என்ற விவாதமும் பல சமயம் அதோடு தீர்ந்துபோகும்.

கழற்றிய கம்பெனிச் சைலன்சரை இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். வண்டிக்கு மூன்று வயதானால் ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். காகிதத்தில் ஏதேனும் சிக்கல் என்றால் பழையதை மாட்டித்தான் ஆக வேண்டும். மேலே எண்ணெய் பூசி, பெட்டியில் போட்டு, வீவக வீட்டுப் பொருளறையில் அரிசிப் பைக்குப் பின்னால் வைக்கலாம். இரட்டைச் சைலன்சர் வண்டிக்காரருக்கு இங்கேயும் இரண்டு பெட்டி. நாளை விற்கப்போகும்போது வாங்க வருபவர் வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, சத்தத்தைக் கேட்டு ரசித்துவிட்டு, முதலில் கேட்பது இதைத்தான்: "ஸ்டாக் பைப் வச்சிருக்கீங்களா அண்ணே?"